ஆபரேட்டர் நம்பர்

நான்கு துளைதான், மூன்றாம் நாள் வீடு என்றார்கள்.
பொம்மனஹள்ளியில் ஒரு நாளைக்கு
ஆயிரத்து நூறு காஜா போடுகிறவளுக்குத்
துளை என்றால் பயமா வரும்?
சரி என்றேன்.

எடுத்த கற்களை மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள்.
மூன்று. வறுகடலை அளவு.
முனிரத்தினம் அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்,
வருகிறவர்களுக்குக் காட்ட.

ஐந்தாம் நாள் மூத்திரம் கடுங்காப்பி நிறம்.
உள்ளங்காலில் தொடங்கிய அரிப்பு
ஏழாம் நாள் கழுத்துக்கு வந்தது.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்.
பொய்.
சோறு வெள்ளையாகத்தான் இருந்தது.
பார்க்க வந்த நாகவேணிதான்
வாசலிலேயே நின்று வாயைப் பொத்தினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா
சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார்:
பையிலிருந்து ஒரு குழாய், ஈரலிலிருந்து ஒரு குழாய்,
கீழே சேர்ந்து ஒன்றாய்,
கால்சட்டை பேட்டர்னைத் தலைகீழாய்ப் பிடித்தது போல.
ஒரு காலை வெட்ட வேண்டிய இடத்தில்
இடுப்பை வெட்டியிருக்கிறார்கள்.

விலாவுக்கிடையே குழாய் செருகி
பச்சையாய் வடியும் பையோடு ஏழு வாரம்.
பஸ்ஸில் முந்தானைக்குள் அணைத்துப் பிடித்திருந்தேன்.
கைக்குழந்தை என்று நினைத்து
ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.
உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு குடலை இழுத்து ஈரலோடு தைத்தார்கள்.
இஞ்சுக்கு எத்தனை தையல் என்று கேட்டேன்.
டாக்டரம்மா சிரித்தார்.
அப்புறம் சிரிப்பை நிறுத்தி,
மொத்தம் பதினான்கு, எண்ணித்தான் போட்டேன் என்றார்.

எங்கள் லைனிலும் அதற்குப் பெயர் ஆபரேஷன்தான்.
காலர் ஒரு ஆபரேஷன். கஃப் ஒரு ஆபரேஷன்.
காஜா கத்தி ஒரு நூல் தள்ளி விழுந்தால்
சூப்பர்வைசர் ஹரீஷா பண்டல் சீட்டைப் பிரித்து நம்பர் பார்ப்பார்.
நாற்பத்தேழு என்றால் நான்.
எழுந்து நிற்பேன்.

முதல் ஆஸ்பத்திரிக் காகிதத்தை மகனிடம் கொடுத்து
இரண்டு முறை தமிழில் சொல்லச் சொன்னேன்.
குழாயில் காயம் ஏற்பட்டது.
ஏற்பட்டது.
மழை பெய்தது, கரண்ட் போனது மாதிரி.

அந்தத் தம்பி முகம் நினைவிருக்கிறது.
மயக்க ஊசிக்கு முன்னால்
சாப்பிட்டீங்களாம்மா என்று வாய்தவறிக் கேட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டான்.
நல்ல கையாகத்தான் தெரிந்தது.
உள்ளே எல்லாம் ஒரே நிறம், ஒரே கொழுப்பு என்கிறார்கள்.
தப்பு விழும். எனக்குத் தெரியாதா.

எழுந்து நின்றிருக்கலாம்.