தகுதிச் சான்று

தேரோட்டத்துக்கு இன்னும் மூன்று நாள்.
பொதுப்பணித் துறை என்னை அனுப்பியிருக்கிறது,
ஒரு சுத்தியல், டார்ச், படிவம் மூன்று பிரதியோடு.
வெள்ளரிப்பட்டித் தகரக் கொட்டகைக்குள்
ஆணித் துளை வழியே வெயில் சொட்டுகிறது.

அச்சு, சரி.
சக்கரம் நான்கு. பின் வலதில் கடையாணி மாற்ற வேண்டும்.
பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போகிறேன்.
நல்ல இலுப்பை டக் என்று பதில் சொல்லும்,
வண்டு தின்றது தொப் என்று.
சோணையன் ஏணியைப் பிடித்தபடி
ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணைச் சிமிட்டுகிறான்.

முன் மூலையில் யாளி.
தலைமேல் ஒரு கொடுங்கை, அதன்மேல்
அடுக்கடுக்காய்த் தேர்.
முன்னங்கால் ஊன்றி, விழி பிதுங்கி,
கழுத்து நரம்பு கயிறாய்ப் புடைத்து.

கேள்வி பதினேழு:
பாரம் தாங்கும் பாகமா, அலங்காரமா?

கனகரத்தினம் ஆசாரி வாயில் கிடந்த ஆணியை
எடுத்துவிட்டுச் சொன்னார்:
"தொண்ணூத்தாறுல உள்ள இரும்பு ஆங்கிள் போட்டுட்டாங்க மேடம்.
பாரமெல்லாம் அதுக்குப் போயிருச்சு.
யாளிக்குத்தான் இன்னும் யாரும் சொல்லல."

பேனாவை மூடிவைத்தேன்.
அம்மா போய் ஒன்றரை வருடம்.
என் போனில் இன்னும் இரவு பத்துக்கு
மாத்திரை அலாரம் இருக்கிறது.

தாடையில் ஒரு தட்டு.
டக்கும் இல்லை, தொப்பும் இல்லை.
ஏதோ உருண்டது.

டார்ச் அடித்தேன். பல்வரிசைக்குப் பின்னே
எலுமிச்சை அளவில் ஒரு மர உருண்டை.
பல்லிடுக்கில் என் சுண்டுவிரல் மட்டும் போகிறது.
"எப்படி மேடம் உள்ள போட்டாங்க?"
போட்டதில்லை, சோணையா.
அந்த இடுக்கு வழியாகவே உளியை விட்டு
உருண்டை அல்லாததையெல்லாம்
துளித் துளியாய் வெளியே எடுத்திருக்கிறார்கள்.
எத்தனை நாளோ. கூலிக் கணக்கில்
அதற்கு என்ன பெயர் போட்டார்களோ.

"தேர் ஆடுறப்ப கடகடன்னு சத்தம் வருமே,
ஃபெவிகால் வச்சு ஒட்டிரவா?"

இன்னொரு முறை உருட்டிப் பார்த்தேன்.
மூன்று பிரதியிலும் எழுதினேன்:
தளர்ந்த பாகம் ஒன்று.
இறுக்க வேண்டாம்.

பதினேழுக்கு எதிரே
எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டேன்.
மேலதிகாரி திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும்.

மாட்டுத்தாவணி வரும்வரை
சுண்டுவிரலில் இலுப்பெண்ணெய் வாசம்.
பத்து மணிக்கு அலாரம் அடித்தது.
அது அடித்து முடிக்கும்வரை
கையில் வைத்திருந்தேன்.