ஒன்பதரை

ரவுட்டர் பீரோவுக்கு மேல் இருக்கிறது,
கல்யாண ஆல்பத்துக்கும்
மூடி தொலைந்த மிக்ஸி ஜாருக்கும் நடுவில்.
ஒன்பதரைக்குத் தானாக அணைய
செம்மண்டலம் கேபிள்காரத் தம்பி
செட் பண்ணிக் கொடுத்தான்.
பாப்பா போனிலும் ஏதோ ஏற்றினான்:
"என்ன தேடினாலும் உங்களுக்கு வந்துடும் சார்."

வந்தது.
சிப்காட் இரண்டாம் ஷிப்ட் விட்டு
குடிகாட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில்
இலக்கியாவின் சாயங்காலத்தை
விரலால் தள்ளித் தள்ளிப் படித்தேன்.
பின்னக் கணக்கு.
பூனை பியானோ வாசிப்பது, நாலு முறை.
ஆமை முட்டை எத்தனை நாளில் பொரியும்.
ஆறாவது படிப்பவர்கள் லிப்ஸ்டிக் போடலாமா
(இதற்கு முகம் சுளித்தேன்).

அப்புறம்,
நாலு ஐம்பத்திரண்டுக்கு:
சட்டையில் கெமிக்கல் வாடை போக என்ன செய்வது.
நாலு ஐம்பத்தைந்துக்கு:
கெமிக்கல் வாடை உடம்புக்குள்ள போகுமா.
உடனே அதையே
எழுத்துப்பிழை திருத்தி இன்னொரு தடவை.

பஸ்ஸில் நல்ல கூட்டம்.
என் பக்கத்து இடம் மட்டும்
முதுநகர் தாண்டியும் காலியாகவே வந்தது.

வீட்டில் எல்லோரும் தூக்கம்.
கொடியில் நேற்றைய சட்டை,
ஈரம் சொட்ட,
வினிகரும் எலுமிச்சையுமாக.
ஒரு பித்தான் மாற்றித் துளையில் பூட்டியிருந்தது.

அவளுடைய இரண்டாவது கேள்வியை
என் போனில் அடித்தேன்.
வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டு
வட்டம் சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.

மணி பதினொன்றேகால்.
சத்தமில்லாமல் ஸ்டூலை
பீரோ பக்கம் இழுத்தேன்.