காற்று மேடு

மாற்றல் உத்தரவோடு
சைக்கிளையும் பேருந்துக் கூரையில் கட்டிக்கொண்டு
போடியிலிருந்து வந்தவன் நான்.
இருபத்தொரு கியர்.
வாலிநோக்கத்தில் இறக்கிக் கொடுத்த கண்டக்டர்
நாலாபக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்:
"எதுல ஏறப் போறீக சார்?"

நியாயமான கேள்வி.
இங்கே உயரமென்று இருப்பவை
செல்போன் கோபுரம், பனை,
அப்புறம் அளத்தில்
கீற்று போர்த்திய உப்புக் குவியல்கள்.
முதல் மாதம் முழுக்க அவற்றையே
மலையென்று வைத்துக்கொண்டு
ஓரமாக ஓட்டிப் பார்த்தேன்.
அடிவாரச் சாலைக்கு ஒரு குணம் உண்டு.
ஒரு பக்கம் எப்போதும் ஏதோ ஒன்று
நம்மைப் பார்த்துக்கொண்டே வரும்.
இங்கே ஒரு பக்கம் கடல்.
அது யாரையும் பார்ப்பதில்லை.

ஆனியில் கச்சான் எழுந்தது.

மேடு தரையில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை,
அன்றைக்குத்தான் தெரிந்தது.
மேற்கே போகும் நேர்ச்சாலை,
ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால்
எந்தப் பக்கம் ஓடுவதென்று யோசிக்கும் சமதளம்,
அதில் நான்
ஆகக் கடைசிக் கியரில்
போடிமெட்டு ஏறுகிறவனைப் போல
மூச்சிரைத்துக்கொண்டு.
கரிமூட்டத்துப் புகை மேலே எழாமல்
தார்மீது படுத்தபடி எதிரே வந்தது.
உடைமரங்களுக்கெல்லாம்
ஒரே பக்கமாய்த் தலைவாரி விட்டிருந்தது.
பல்லிடுக்கில் மணல்.
மலைக்காவது உச்சி உண்டு,
உச்சியில் ஒரு டீக்கடை உண்டு.
இதற்கு எந்த மைல்கல்லில் இறக்கம்?

மாரியூர் விலக்கு தாண்டியதும்
பின்னால் ஒரு கிறீச்.
எண்ணெய் காணாத செயின்.
திரும்பினால் காற்று ஹேண்டிலைப் பிடுங்கும்,
திரும்பவில்லை.
அது நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை.
நான் தளர்ந்தால் அதுவும் தளர்ந்தது,
நான் எழுந்து நின்று மிதித்தால்
அதுவும் எழுந்துகொண்டது.

மூக்கையூர் விலக்கில்தான் முகம் பார்த்தேன்.
என் வயதுதான் இருக்கும் அவளுக்கு.
மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள்,
அரசு முத்திரை பாதி உரிந்தது.
கேரியரில்
பாய் விரித்தாற்போல் காற்று வாங்கும்
வெற்றுத் தெர்மோகோல் பெட்டி.
அதில் பெயிண்டால் எழுதியிருந்தது: லூர்துகனி.
என் பின்சக்கரத்துக்கும் அவள் முன்சக்கரத்துக்கும்
ஒரு முழம் இடைவெளி.
ஏழு கிலோமீட்டர்
என் முதுகின் மறைவிலேயே வந்திருக்கிறாள்.

கேட்டுக்கொள்ளவில்லை.
நன்றியும் சொல்லவில்லை.
இடுப்பில் செருகிய தலைப்பை உருவி முகம் துடைத்தபடி
"நாளைக்கு அஞ்சுக்கே வந்துருங்க,
ஏலம் முடிஞ்சா காரப்பொடிதான் மிஞ்சும்" என்றாள்,
சம்பளம் பேசி வைத்த ஆளிடம் சொல்வதுபோல.

எங்கள் பக்கத்தில்
மேகத்தையெல்லாம் மலை மறித்துக்கொள்ளும்.
அந்தப் பக்கம் அருவி, இந்தப் பக்கம் புழுதி.
மறைவு என்றால்
யாருக்கோ எதையோ இல்லாமல் ஆக்குவது
என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

திரும்புகையில் காற்று எல்லோருக்கும் பொது.
பெட்டி நிறைய நகரையும் சூடையும்
ஐஸ் நீர் சொட்டச் சொட்ட
மணியடித்து என்னைத் தாண்டிப் போனாள்.
செயினின் கிறீச் கேட்கவே இல்லை,
காற்று அதை அவளுக்கு முன்னாலேயே
கொண்டுபோய்விட்டிருந்தது.

மறுநாள் ஐந்து மணிக்கு
மாரியூர் விலக்கில் நின்றேன்.
சட்டைப்பையில் தையல் மிஷின் எண்ணெய்,
சின்னக் குப்பி.
இருட்டுக்குள்ளிருந்து கிறீச் வந்தது,
வேகம் குறையவில்லை, என்னைக் கடந்தது.
"காத்தே இல்லியே சார்,
இன்னிக்கு நீங்க எதுக்கு?"

அண்ணாந்து பார்த்தேன்.
பனையில் ஓர் ஓலைகூட அசையவில்லை.
விடியும்வரை அங்கேயே நின்றேன்,
ஒரு மலையைப் போல.