இல்லாத வீட்டின் வரி

சிவப்பு மை தீர்ந்துவிட்டதென்று
மார்ச் மாதமே எழுதிக் கேட்டிருந்தேன்.
வரவில்லை.
சாண்ட்லர் சந்தின் இருபத்தாறு வீடுகளையும்
பென்சிலால்தான் அடித்தேன்.

கெல்ட்விக் நகர மன்றத்தில்
வரிப் பேரேடு என் பொறுப்பு.
வீட்டுக்கு ஒரு வரி.
வீடு போனால் வரி போகும்,
இரண்டு பொருளிலும்.

துறைமுகத்தைத் தேடி வந்தவர்கள்
பனிமூட்டத்தில் எங்கள்மேல் கொட்டிவிட்டுப் போன
பிப்ரவரி இரவில் நூற்று நாற்பது வரிகள்.
மே எட்டாம் தேதி இன்னும் முந்நூறு.
செய்தித்தாளில் எங்களுக்குப் பெயர்கூட இல்லை:
'வடகிழக்குக் கரையோர ஊர் ஒன்று.'

வரவு குறைந்தது. செலவுக்கு அது தெரியாது.
பள்ளிக்கூடம் கட்ட முப்பத்தாறில் வாங்கிய கடனுக்கு
இன்னும் இருபத்தைந்து வருஷத் தவணை இருக்கிறது;
பள்ளிக்கூடம் இருந்த பள்ளத்தில்
வாத்து நீந்துகிறது.
சாக்கடைப் பம்பு இராப்பகலாய் ஓடுகிறது
எவரும் குளிக்காத தெருக்களுக்காக.
இடிபாடு அள்ளும் லாரிக்குப் பெட்ரோல்,
பிணங்களைக் கிடத்திய நீச்சல்குளத்துக்கு
மறுபடி வெள்ளையடிப்பு.
எல்லாம் கூட்டிப் பார்த்தால்
மிச்சமிருக்கிற வீடுகள்
பவுண்டுக்கு இருபத்தொன்பது ஷில்லிங் தரவேண்டும்.
ஒரு பவுண்டில் இருப்பதே இருபதுதான்.

பொருளாளர் திர்க்கெட்டில் லண்டனுக்கு எழுதினார்.
லண்டன் படிவம் அனுப்பியது, மூன்று பிரதி.
'வருவாய் இழப்புக்கான காரணம்' என்ற கட்டம்
என் கட்டைவிரல் நகத்தளவு.
அதில் 'எதிரி' என்று எழுதினார்.
திருப்பி அனுப்பினார்கள்:
விரிவாக எழுதவும்.

மன்றக் கூட்டத்தில் மளிகைக்கடை ப்ளெங்கின் எழுந்து,
நாம் கையேந்துகிற ஊரில்லை என்றார்.
அவர் கடைக்கு அப்போது கூரை தார்ப்பாய்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
தீர்மானம் பதினொன்றுக்கு ஒன்று.

ஆகஸ்டில் பதில் வந்தது.
இழப்பில் முக்கால் பங்குக்கு மானியம்;
மீதிக்கு முன்பணம்.
அந்த முன்பணம் கொடையா கடனா என்பது
போர் முடிந்தபின் உரிய காலத்தில் முடிவாகும்.
திர்க்கெட்டில் அந்தத் தாளை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்,
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல.
பிறகு சம்பளப் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார்.
துப்புரவுக்காரர்களுக்கு ஐந்து வாரப் பாக்கி.

மறுவாரம் ஏமஸ் ஸ்டாதர்ஸ் வந்தார்.
சாண்ட்லர் சந்து, பதினான்காம் எண்.
அவர் மனைவியும் அந்த வீட்டோடு.
தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு
அரையாண்டு வரி, இரண்டு பவுண்டு மூன்று ஷில்லிங்,
என் மேஜையில் அடுக்கினார்.
காலி வீட்டுக்கு வரி கிடையாது என்றேன்.
"காலியா?" என்றார்.
ஒருமுறைதான் கேட்டார்.

அவரிடம் நான் சொல்லாதது:
இந்தக் காசை வாங்கி ரசீது கிழித்தால்
பதினான்காம் எண்ணில் ஆள் இருப்பதாக ஆகும்.
ஆள் இருந்தால் இழப்பு இல்லை.
ஒரு வீடு எழுந்து நின்றால்
இருபத்தாறையும் சந்தேகிப்பார்கள்.
படிவம் திரும்பி வரும், மூன்று பிரதியும்.
உங்கள் வீடு விழுந்தே கிடந்தால்தான்
ஊர் நிற்கும், ஸ்டாதர்ஸ்.

காசை அவர் பக்கம் நகர்த்தினேன்.
அவர் தொடவில்லை.
தொப்பியை வாசலுக்கு வெளியே போய்த்தான் போட்டுக்கொண்டார்.
சாயங்காலம் வரை அது அப்படியே இருந்தது,
கடைசி ஷில்லிங் சற்றுக் கோணலாக.
விளக்கை மறைக்கும் நேரம் வந்ததும்
'இதர வரவு: கண்டெடுத்தது' என்று எழுதி
பெட்டியில் போட்டேன்.

நவம்பரில் மாவட்டத் தணிக்கையாளர்.
மூக்கில் சளி, கையில் பச்சைப் பேனா.
நானூற்று நாற்பது வரிகளையும் புரட்டித் தள்ளிவிட்டு
அந்த இரண்டு பவுண்டு மூன்று ஷில்லிங்கில்
விரலை வைத்தார்.
கண்டெடுத்தது, என்றேன்.
எங்கே, என்றார்.
தெருவடியில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.