ஒரு நாளுக்கு ஓரிடம்

க்ரொய்ட்ஸ்லிங்கனில் அந்த அறைக்கு
ஏரி பார்த்த ஜன்னல் உண்டு, திரை இறக்கியிருக்கும்.
மேசையின் குறுகிய பக்கம் எனக்கு.
மொழிபெயர்ப்பவளுக்குக் கருத்துக் கிடையாது.
குறிப்பெடுக்க ஒரு கட்டத்தாள் உண்டு.

எக்லி அம்மையார் தேதிகளைக் கேட்கிறார்.
தர்மபூபதி ஊர்களைச் சொல்கிறார்.
நடுவில் நான்,
ஜெர்மனை இறக்கித் தமிழை ஏற்றும் துறைமுகக் கூலி.

கை சும்மா இருக்கவில்லை.
தாளின் அடியில் ஒரு கிடைக்கோடு: தை, மாசி, பங்குனி.
இடது ஓரத்தில் ஊர்கள், கடலை நோக்கி மேலேறும்படி:
கிளிநொச்சி, தருமபுரம், வள்ளிபுனம்,
இரணைப்பாலை, மாத்தளன்.

உயர்தரக் கணிதத்தில் அடிக்கோட்டின் பக்கத்துக்கு
ஆட்சி என்று பெயர் வைத்திருந்தார்கள் எங்களுக்கு.
திருச்சியில் படித்த அபயாம்பிகை
மதிப்பகம் என்பாள்.
மதிப்பு, அகம். எவ்வளவு கௌரவமான சொல்!
எங்களுக்கு வாய்த்தது ஆட்சி.
அது எவ்வளவு நீளமோ அவ்வளவு நாளுக்குத்தான் கேள்வி.
அதற்கு முந்திய முப்பத்தொரு வருடம்
கோட்டுக்கு இடப்புறம் கிடக்கிறது,
யாரும் கேளாமல்.
ஊர்களின் பக்கத்துக்கு வீச்சு.
வலைக்கும் வீச்சு, வாளுக்கும் வீச்சு,
ஷெல்லுக்கும் அதே சொல்தான்.

தை பதினாறு வரை கோடு தரையோடு போகிறது.
பல நாளுக்கு ஓரிடம், ஆகலாம்.
பிறகு படிபடியாய் ஏறுகிறது.
மாசியில் மூன்று நாள் தாள் வெறுமை.
"ஞாபகமில்லை" என்றார்.
வெறுமையின் இரு கரையிலும்
உள்ளே மை இல்லாத வட்டம் போட்டேன்.
அதுவும் பரவாயில்லை.
ஓட்டை விழுந்த சார்பும் சார்புதான்.

ஒரு நாளுக்கு ஈரிடம்.
அதுதான் ஆகாது.

பங்குனி ஏழு.
"இரணைப்பாலையில" என்றார்.
அரை மணி கழித்து, வேறெதற்கோ பதிலாக,
"அண்டைக்கு மாத்தளனில நிண்டனாங்கள்."
விசைப்பலகையில் விரல்கள் நின்றன.
நான் அந்தத் தேதியின் மேல்
பேனாவை நிமிர்த்திக் கீறினேன்.
எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்:
நிலைக்குத்துக் கோடு வளையியை
இரண்டிடத்தில் வெட்டினால்
அது சார்பல்ல.
"முரண்பாடு" என்ற சொல்லை
நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

அளவுத்திட்டத்தில் இருந்தது பிழை.
நாளை மணிகளாக விரித்து அச்சை இழுத்தால்
நட்டுக்கு நிற்கிற அந்தக் கோடு
மெல்லச் சாயும், சரிவாகும்.
சரிவில் ஒருத்தி நடந்துகொண்டிருப்பாள்.
இதைச் சொல்ல எனக்குச் சம்பளமில்லை,
உரிமையுமில்லை.

நாலரைக்கு, எழுதியதை வாசித்துக் காட்டும் சடங்கு.
பக்கத்துக்குப் பக்கம் அவர் கையொப்பம்,
வடக்கத்தி மாணவியின் உருண்டை எழுத்தில்.
பதினொன்றாம் பக்கம்.
"பங்குனி ஏழு" என்று வாசித்து நிறுத்தினேன்.
செருமவில்லை. அவரைப் பார்க்கவில்லை.
ஒரு மூச்சளவு.
மௌனம் மொழிபெயர்ப்பில் சேருமா
என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

"ஓம்" என்றார் தர்மபூபதி.
"காலமை இரணைப்பாலை. செக்கலுக்க மாத்தளன்.
பேந்து இருட்டினாப்பிறகு திரும்பிப் போனனான்.
தங்கச்சியின்ர கண்ணாடி விடுபட்டுப் போச்சு.
அது இல்லாட்டி அவவுக்கு ஒண்டும் தெரியாது."

செக்கலுக்கு ஜெர்மனில் சொல் தேடினேன்.
கிடைத்தது, அதற்குள் சிவப்பு இல்லை.
கண்ணாடிக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.
எக்லி அம்மையார் மூன்று வரி தட்டினார்,
திரையைக் கொஞ்சம் உயர்த்தினார்,
மணி பார்த்தார்.
போதுமா போதாதா,
அந்தக் கடிதம் என் முகவரிக்கு வராது.

குறிப்புத்தாள் கட்டிடத்தைத் தாண்டக் கூடாது.
வாசலருகே நறுக்கும் இயந்திரம்.
அது தாளை நிலைக்குத்தாகவே கிழிக்கும்.
கூடைக்குள் இடியப்பம்போல் கீற்றுகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு மை,
சிலதில் அதுவுமில்லை.
ஒரு கீற்றில் மட்டும்
ஓர் ஊரிலிருந்து மறு ஊர்வரை
நீட்டுக்கு மை.