குறிப்பு

காலை எட்டரைக்கு
ஊத்து எஸ்டேட்டில் மழையை அளக்கிற வேலை எனக்கு.
கண்ணாடிக் குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து
நீர் குழிந்து நிற்கும் அடிவிளிம்பைப் படிக்க வேண்டும்.
நேற்று நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர்.
முந்தாநாள் எழுபத்திரண்டு புள்ளி நான்கு.
நோட்டில் கடைசிக் கட்டம் ‘குறிப்பு’.
ஆறு வருசத்தில் ஒரே ஒருதரம் எழுதியிருக்கிறேன்:
‘மிளா வேலியைச் சாய்த்துவிட்டது.’

வேலிக்கு அந்தப் பக்கம் சோலை.
மேகம் இறங்கித் தரையில் உட்கார்ந்திருக்கும் நேரம்,
அட்டைக்குப் புகையிலை தேய்த்த காலோடு
குழாயைக் கழுவிக்கொண்டிருக்கையில்
சருகு ஒன்று புரளும்.
காற்றில்லை. தவளையானால் சத்தம் வேறு.
திரும்பினால்
ஒரு குச்சிக்கால், அவ்வளவுதான்.
இன்னொரு நாள்
நீலமா கறுப்பா என்று முடிவு செய்வதற்குள்
முடிந்துபோன ஒரு முதுகு.
ஈத்தைப் புதரடியில் ஒருமுறை
வயிற்று வெள்ளை,
யாரோ கிழித்துப் போட்ட காகிதம் மாதிரி.
ஆறு வருசத்தையும் கூட்டினால்கூட
முழுசாய் ஒரு பறவை வரவில்லை.
“எலியப் பாத்துட்டு வந்து குருவிங்கியளே”
என்பாள் கொழுந்து எடுக்கப் போகிற ஞானப்பூ.

ஐப்பசியில் ஜீப்பில் ஒரு பெண் வந்தாள்,
மிருதுளா என்று பேர்.
சோப்புடப்பா அளவில் ஒரு ஸ்பீக்கர்.
அதை ஈத்தையடியில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள்.

மெல்லிசாய் ஒரு சீழ்க்கை.
ஏறும்; பாதியில் கரகரத்து உடையும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அது வேலிக் கதவின் கீல் அல்லவா?
துரு என்று நினைத்து
இரண்டு தடவை தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறேன்.

அப்போது வெளியே வந்தது
முழுசாய்.
ஈரக்கல்லின் மேல், உடம்பைப் புடைத்து,
ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அத்தனை கோபம்.
டப்பாவைச் சுற்றி வந்தது.
பின்னால் எட்டிப் பார்த்தது.
தன் வீட்டுக்குள் புகுந்து
தன் குரலிலேயே ஏசுகிறவன் எங்கே என்று தேடியது.

“போதும், பாவம்” என்று அவள் நிறுத்தினாள்.
நல்ல பிள்ளைதான்.
ஆனாலும் அது போகவில்லை.
சத்தம் நின்ற இடத்தையே பார்த்தபடி
வெட்டவெளியில் நின்றது;
இத்தனை நாள் எனக்குக் காட்டாத அத்தனையையும்
காட்டிக்கொண்டு.
நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் தொண்ணூற்றாறு. சத்தமில்லை.
அதற்கடுத்த நாள் நாற்பத்தொன்று. சத்தமில்லை.
கதவை நானே ஆட்டிப் பார்த்தேன்,
எண்ணெய் குடித்த கீல், ஊமையாய் ஆடியது.

ஐந்தாம் நாள், நூற்று மூன்று.
குழாயைக் கழுவுகையில் முதுகுக்குப் பின்னால்
ஏறி, பாதியில் உடைந்தது.
நான் திரும்பவில்லை.
சருகு புரள்கிறவரைக்கும் குனிந்தபடி நின்று
கால் மரத்துப் போன பிறகு
நோட்டை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் எழுதினேன்:
‘கீலுக்கு எண்ணெய் தேவையில்லை.’

மாசக் கடைசியில் நோட்டு கீழே ஆபீசுக்குப் போனது.
எந்தக் கீல் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.