கழுவுவது நான், துடைப்பது அவள்

விரல்நுனி அளவுக் கண்ணாடிக் கிண்ணங்கள்.
ஒரு மிடறு திராட்சைரசம் பிடிக்கும்,
அதிலும் ஒரு சொட்டு அடியில் தங்கிவிடும்.
வருஷத்துக்கு நான்கு திருவிருந்து ஞாயிறுகள்.
ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போனபின்
ஆலயத்தின் பின்னறையில்
கழுவுவது நான், துடைப்பது டொனால்டினா.

எங்களை யாரும் நியமிக்கவில்லை.
வழக்கமாய்க் கழுவும் மிஸ் கன்
பனியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டாள்.
"இந்த ஒரு தடவை மட்டும்" என்றார் மூப்பர்.
அந்த ஒரு தடவை
நாற்பத்தொரு வருஷம் நீண்டது.

வெந்நீர்க் குழாய் ஒருநாளும் ஒழுங்காய் வந்ததில்லை.
கெட்டிலில் கொதிக்கவைத்து ஊற்றுவேன்.
கெய்த்னெஸ் கரைக் காற்று
சன்னல் இடுக்கில் விசிலடிக்கும்.
மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல
ஒவ்வொரு கிண்ணத்தையும்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.
எப்படியும் ஒன்றாவது திரும்பி வரும்:
"ஹியூகினா, கறை."
என் கண்ணுக்கு அது ஒருநாளும் தெரிந்ததில்லை.
மறுபடி கழுவினேன்.

பிறகு கம்பள விவகாரம் வந்தது.
சிவப்பு என்றேன் நான், நீலம் என்றாள் அவள்.
சபை கூடி வாக்கெடுத்து
இரண்டே வாக்கில் ஜெயித்தது நீலம்.
பதினொரு மாதம் பேச்சில்லை.
தெருவில் அவள் தலை தெரிந்தால்
தபாலாபீஸுக்குள் நுழைந்துவிடுவேன்.
வாங்கி வாங்கி
இழுப்பறை முழுக்கத் தபால்தலை.
அப்போதும் திருவிருந்து ஞாயிறுகளில்
கழுவியது நான், துடைத்தது அவள்.
கறை என்ற ஒரு சொல்லுக்கு மட்டும்
விலக்கு இருந்தது.

ஸ்வான்சன்களின் படகு திரும்பாத வாரம்
மண்டபத்து விளக்கு நான்கு இரவு அணையவில்லை.
தேடப் போனவர்கள் சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள்.
சூப்பும் ரொட்டியும் கொடுப்போம்.
யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டோம்.
போதகர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.
ஜெபிக்க வாய் வரவில்லை என்று
எங்களிடம் மட்டும் சொன்னார்.
"உரியுங்கள் ஐயா,
அதுவும் சேரவேண்டிய இடத்தில் சேரும்" என்றாள்.
ஐந்தாம் நாள் காலை
ஒரு மிதவை மட்டும் கரைக்கு வந்தது.
அன்றைக்குத்தான் மறுபடி பேசிக்கொண்டோம்,
பெரிய அண்டாவை எந்த அலமாரியில் வைப்பது என்று.

நூற்றுநாற்பத்து நான்கு கிண்ணங்கள்
தொண்ணூறாகின, பிறகு ஐம்பது,
பிறகு ஒரு தட்டிலேயே எல்லாம் அடங்கின.
நாங்கள் அதைப் பற்றிச் சொல்லிக்கொள்ளவில்லை.
வேலை சீக்கிரம் முடிந்த நாட்களில்
தொட்டித் தண்ணீர் ஆறும்வரை
சும்மா நின்றிருப்போம்.

போன மார்ச்சில் அவளுக்கு வாதம்.
முதியோர் இல்லத்தில், சன்னலோர நாற்காலியில்.
"நீ நர்ஸா?" என்று என்னைக் கேட்டாள்.
ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல.
புதுப் போதகர் சின்ன வயதுப் பெண்.
கைப்பெட்டியைத் திறந்து
அப்பத்தைப் பிட்டாள், ரசத்தை ஊற்றினாள்.
நடுங்காத கையால் வாங்கிக் குடித்தாள் டொனால்டினா.
குடித்ததும் கிண்ணத்தைத் திருப்பித் தரவில்லை.
ஸ்வெட்டர் நுனியை உள்ளே திருகித் துடைத்தாள்.
சன்னல் பக்கம் தூக்கினாள்,
ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.
"கறை."

போதகர் கை நீட்டுவதற்குள்
நான் வாங்கிக்கொண்டேன்.
அந்த அறைக் குழாயில்
திறந்தவுடனே வெந்நீர் வந்தது,
கை பொசுங்கும் அளவுக்கு.
நெடுநேரம் கழுவினேன்.
துண்டை நீட்டினேன், வாங்கினாள்.

வரும்வழியில் காரில் போதகர் கேட்டாள்,
நிஜமாகவே கறை இருந்ததா என்று.
நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக
இருந்தது என்று சொன்னேன்.